சூதுபவளத் தூசி

குஜராத்தில், காம்பே வளைகுடா நிலத்துக்குள் முடியும் இடத்தில் காம்பத் என்ற ஊர் இருக்கிறது. அங்கே சூதுபவளமும் அகேட் கல்லும் மணிகளாக மாறுகின்றன. அந்தப் பகுதியில் இந்தத் தொழிலுக்கு வயது நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல். காம்பத்துக்கு அருகிலுள்ள லோத்தலில் 1950களில் நடந்த அகழாய்வில், ஹரப்பா காலத்து மணிப்பட்டறை ஒன்று கிடைத்தது. மெசபடோமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் கிடைத்த சூதுபவள மணிகளில் பல சிந்துவெளியிலிருந்து சென்றவை. கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த சூதுபவள மணிகளுக்கான மூலக்கல் குஜராத், மகாராஷ்டிரப் பகுதிகளிலிருந்து வந்திருக்கலாம் என்று தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள்.

இரண்டு கற்களுமே குவார்ட்ஸ் வகையைச் சேர்ந்தவை. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய படிகங்கள் இறுகி உருவானவை. இவற்றின் வேதிப்பெயர் சிலிக்கன் டை ஆக்சைடு, சுருக்கமாகச் சிலிகா. கல்லில் ஏறத்தாழ முழுவதும் அதுதான். சூதுபவளத்தின் சிவப்புக்குக் காரணம் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் இரும்பு.

கல் வருவது நர்மதைக்குத் தெற்கே, பரூச் மாவட்டத்து ரத்தன்பூர் பகுதியிலிருந்து. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வணிகக் குறிப்பான பெரிப்ளூஸ், பரூச் துறைமுகத்திலிருந்து இவ்வகைக் கற்கள் ஏற்றுமதியானதைச் சொல்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியரான துவார்த்தே பர்போசா இந்தச் சுரங்கப் பகுதியைப் பற்றி எழுதினார். ரத்தன்பூருக்கு அருகில் பாபா கோர் என்ற சித்தி ஞானியின் தர்கா உள்ளது. ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளின் மரபில், அகேட் தொழிலின் காவலர் அவர். காம்பத் மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெங்கும் விற்கப்பட்டவை என்பதோடு இது பொருந்துகிறது.

ஒரு மணி பல கைகள் மாறி உருவாகிறது. முதலில் கல்லை வெயிலில் உலர்த்துவார்கள். பிறகு பானைகளில் இட்டு வறட்டி மூட்டத்தில் சுடுவார்கள். சூட்டில் கல்லிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்கிறது; மங்கிய மஞ்சள் சிவப்பாகிறது. அடுத்தது செதுக்குதல். கூரான இரும்புக் கம்பி ஒன்று தரையில் சாய்வாக நடப்பட்டிருக்கும். கல்லை அதன் முனையில் பொருத்திப் பிடித்து, எருமைக்கொம்பு முனையுள்ள சுத்தியலால் மறுபுறம் தட்டுவார்கள். இரும்பு முனை படும் இடத்தில் சில்லு தெறிக்கும். அடி ஒரு பக்கம், உடைவு மறுபக்கம். ஹரப்பாவின் மணிக்கலையை ஆராய்ந்த ஜோனதன் மார்க் கெனோயர், 1980களின் இறுதியில் சக ஆய்வாளர்களுடன் காம்பத்துக்கு வந்தது இந்தச் செய்முறையைப் பார்க்கத்தான். அல்லாதினோ என்ற சிந்துவெளி ஊரில் 36 நீண்ட சூதுபவள மணிகள் கொண்ட இடைக்கச்சை ஒன்று கிடைத்திருக்கிறது. அதைச் செய்ய 480 வேலைநாட்கள் ஆகியிருக்கும் என்பது அவர் கணக்கு.

செதுக்கிய கல் சாணைக்குப் போகிறது. அதன்பின் துளையிடுதல், மெருகேற்றுதல். துளையிடும் ஊசியின் முனையில் இரண்டு வைரத் துணுக்குகள் இருக்கும். வில்லால் சுழற்றுவார்கள், துளையில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மெருகேற்ற அக்காலத்தில் தோல்பைகளில் மணிகளை இட்டு நாள்கணக்கில் உருட்டினார்கள். இப்போது அதைச் சுழலும் உருளைகள் செய்கின்றன.

இத்தனை கட்டங்களில் அதிகம் தூசி பறப்பது சாணையில். செதுக்கும்போது தெறிப்பவை பெரும்பாலும் சில்லுகள், தரையில் விழுந்துவிடும். துளையிடும்போது பொடியை நீர் பிடித்துக்கொள்கிறது. சாணைச் சக்கரம் கல்லைத் தேய்த்து மாவாக்குகிறது. மின்சாரம் வரும்வரை அந்தச் சக்கரத்தைச் சுழற்றியது கை. கையின் வேகத்துக்கு எல்லை உண்டு. பொடியின் அளவுக்கும் இருந்தது. இன்று மோட்டார் சுழற்றுகிறது. சாணை பிடிப்பவர் சக்கரத்தின் முன் குந்தி, கல்லை விரல்களால் அழுத்திப் பிடிக்கிறார். சக்கரத்துக்கும் மூக்குக்கும் இடையே ஒரு முழம் இருக்கும்.

தூசித் துகளை அளக்கும் மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பத்து மைக்ரானைவிடப் பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். ஐந்துக்கும் குறைந்தவை நுரையீரலின் கடைசிக் கிளைகளைத் தாண்டி, காற்றுப்பைகள் வரை போகின்றன. அந்த அளவுத் தூசி கண்ணுக்குத் தெரியாது. பட்டறையில் வெண்புகையாகத் தெரிவது பெரிய துகள்கள்தான். ஆபத்து குறைந்தவையும் அவையே.

காற்று அசையாத அறையில் ஐந்து மைக்ரான் குவார்ட்ஸ் துகள் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கு ஐந்து மணி நேரம். மாலை ஆறு மணிக்குச் சக்கரத்தை நிறுத்தினால், இரவு பதினொரு மணிக்கு அது இன்னும் மிதந்துகொண்டிருக்கலாம். காம்பத்தில் சாணைச் சக்கரங்கள் பல வீடுகளிலேயே ஓடின. அதே கூரையின் கீழ் சமையல் நடக்கும், குழந்தைகள் தூங்கும். முகத்தில் கட்டும் துணியின் இழை இடைவெளிகள் இந்தத் துகளைவிடப் பன்மடங்கு பெரியவை.

காற்றுப்பைக்குள் வரும் அந்நியப் பொருளை விழுங்கி அகற்றவென்றே உடலில் ஓர் உயிரணு வகை உண்டு. மேக்ரோஃபேஜ் என்று பெயர், விழுங்கணு எனலாம். அது கிருமியைச் செரித்துவிடும். சிலிகாவைச் செரிக்க முடியாது. துகளை விழுங்கிய அணு சிதைந்து சாகிறது. சாகும்போது வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருட்களை வெளியிடுகிறது. துகள் விடுபடுகிறது, அடுத்த அணு அதை விழுங்குகிறது. அதுவும் சாகிறது. இந்தச் சுற்று நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் வடுத்திசு உருவாகி முடிச்சாகிறது. முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. வடுவான திசு விரியாது, ஆக்சிஜனைக் கடத்தாது. இந்த நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர்.

அது மூன்று வேகங்களில் வரும். குறைந்த அளவுத் தூசியில் பத்தாண்டுகள், அதற்கு மேலும் ஆகலாம். அதிகத் தூசியில் ஐந்து முதல் பத்தாண்டுகள். மிக அதிகமானால் சில மாதங்களிலிருந்து சில ஆண்டுகளுக்குள். வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம், ஏனென்றால் துகள்கள் உள்ளேயே இருக்கின்றன. வடுவைக் கரைக்கும் மருந்து இல்லை. 1997இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, தொழிலிடங்களில் மூச்சோடு உள்ளே போகும் படிகச் சிலிகாவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருட்களில் சேர்த்தது.

இது புதிதாகக் கண்டறிந்த ஆபத்து அல்ல. 1556இல் வெளியான சுரங்கவியல் நூலில் அக்ரிகோலா, கார்ப்பேத்திய மலைச் சுரங்க ஊர்களில் ஏழு கணவர்களை அடுத்தடுத்து இழந்த பெண்கள் இருப்பதாகக் குறிப்பிட்டார். காரணம் தூசி என்றும் எழுதினார். இந்தியாவில், தமிழர்கள் பெருமளவில் வேலை செய்த கோலார் தங்கச் சுரங்கத்தில் சிலிகோசிஸ் இருப்பது 1934இலேயே பதிவானது. தொழில்சார் நோய்களை ஆராய்வதற்கான மைய அரசு நிறுவனம் 1966இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்டது. அங்கிருந்து காம்பத் நூறு கிலோமீட்டர்கூட இல்லை.

அந்த நிறுவனம் காம்பத்தைப் பலமுறை ஆராய்ந்தது. சாணைப் பட்டறைகளில் தூசி, அனுமதித்த அளவைவிடப் பலமடங்கு இருந்தது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குச் சிலிகோசிஸ் இருந்ததாக ஆய்வு ஒன்று பதிவுசெய்தது. சாணைச் சக்கரத்தையே தொடாத, பக்கத்தில் வசித்தவர்களிடமும் நோய் இருந்தது.

அனுமதித்த அளவு என்ன? இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு வாய்பாட்டைத் தந்தது: தூசியிலுள்ள குவார்ட்ஸ் சதவீதத்தோடு இரண்டைக் கூட்டி, பத்தை அதனால் வகுக்க வேண்டும். ஏறத்தாழ முழுதும் குவார்ட்ஸான அகேட் தூசிக்கு, ஒரு கனமீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம் என்று வரும். அமெரிக்கா 2016இல் தன் வரம்பை இதில் பாதியாக, 0.05ஆக நிர்ணயித்தது. எட்டு மணி நேர வேலையில் ஒருவர் இழுக்கும் காற்று சுமார் பத்துக் கனமீட்டர். அதாவது இந்திய வாய்பாட்டின்படி அவர் நுரையீரலுக்கு ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் ஒரு மில்லிகிராம். கடற்கரை மணலில் ஐந்தாறு பருக்கைகளின் எடை.

ஆனால் இந்த வரம்பு தொழிற்சாலைக்கு உரியது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மின்விசை இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்யும் இடமே தொழிற்சாலை. 2020இன் தொழில்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை முறையே 20, 40 என்று உயர்த்தியது. சாணை வீட்டில் இருப்பது இரண்டு பேர், மூன்று பேர். பழைய சட்டத்தின் 85ஆம் பிரிவில் ஒரு வழி இருந்தது: ஆட்கள் குறைவாக இருந்தாலும் மாநில அரசு ஓர் இடத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரலாம். அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கும் இருந்தது. உரிமையாளர் தன் குடும்பத்தினரின் உதவியோடு மட்டும் தொழில் செய்தால் பிரிவு பொருந்தாது. புதிய தொகுப்பில், உயிருக்கு ஆபத்தான வேலை என்றால் ஒரே தொழிலாளி இருந்தாலும் அரசு அறிவிக்கை மூலம் சட்டத்தைப் பொருத்தலாம் என்று இருக்கிறது. அறிவிக்கை வந்தால்தான் அது நடக்கும்.

வேலை நடப்பது உருப்படிக் கூலியில். கல்லைத் தருபவர் வியாபாரி. தேய்த்த கல்லுக்குக் கூலி தருபவரும் அவரே. சம்பளப் பதிவேடு இல்லை, வருகைப் பதிவு இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சிலிகோசிஸைத் தொழில்நோயாக ஏற்றது. இழப்பீடு கோர, முதலாளி யார் என்று காட்ட வேண்டும். பத்துப் பேர் இல்லாத இடத்தில் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் பொதுவாக எட்டாது.

நோயைக் கண்டறிவதில் இன்னொரு தடை. எக்ஸ்ரே படத்தில் சிலிகோசிஸும் காசநோயும் ஒன்றுபோலத் தோன்றலாம். இருமல், மூச்சுத்திணறல், எடைக்குறைவு இரண்டிலும் உண்டு. காசநோய் பரவலான நாட்டில், எந்த வேலை செய்கிறீர்கள் என்று கேட்காத மருத்துவர் முதலில் எழுதுவது காசநோய் மருந்து. ஆறு மாதம் மருந்து தின்றும் மூச்சு திரும்பாது. சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும், ஏனெனில் சிலிகா சேதப்படுத்திய நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். அப்போது இறப்புக் காரணம் காசநோய் என்று பதிவாகும். சட்டப்படி சிலிகோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். அறிவிக்க, யாராவது அதன் பெயரை எழுத வேண்டும்.

தீர்வு சிக்கலானதும் அல்ல. சக்கரத்தை ஒட்டி ஒரு மூடி, அதனோடு இணைந்த உறிஞ்சு விசிறி, தூசியைப் பிடிக்கும் பை. அகமதாபாத் நிறுவனமே காம்பத்துக்கென்று இத்தகைய கருவியை வடிவமைத்துப் பொருத்திப் பார்த்தது. தூசி குறைந்தது. செலவையும் பலனையும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. பலனே பெரிது என்று அது கண்டது. அந்தக் கணக்கில் பலன் என்பது தவிர்க்கப்பட்ட மருத்துவச் செலவும் இழக்காத வேலைநாட்களும். அது வர ஆண்டுகள் ஆகும். கருவிக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு இந்த மாதமே வரும். உருப்படிக் கூலியில் அதற்கென்று ஒரு பைசாவும் இல்லை.

காம்பத் தனிக்கதை அல்ல. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோரில் சிலேட்டுக் குச்சி அறுக்கும் தொழில் மின்ரம்பத்துக்கு மாறியது. 1980களில் அங்கே 593 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 54.6 சதவீதத்தினருக்குச் சிலிகோசிஸ் இருந்தது. அடுத்த 16 மாதங்களில் 23 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 35. தூசியில் கழித்தது சராசரியாக 12 ஆண்டுகள். குஜராத்தின் கோத்ரா பகுதியில் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்துப் பழங்குடியினர் வேலைக்குப் போனார்கள். அவர்களில் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரும்படி உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கு தொடங்கியது 2006இல்.

ராஜஸ்தானின் சிரோஹி மாவட்டத்தில் பிண்டுவாடா என்ற ஊர், கோயில்களுக்கான கல்வேலைக்குப் பெயர்பெற்றது. தூண்களும் வளைவுகளும் சிலைகளும் அங்கே செதுக்கப்பட்டு இந்தியாவுக்கும் வெளிநாடுகளுக்கும் போகின்றன. உளி இருந்த இடத்தில் கையில் பிடிக்கும் மின்வெட்டி வந்தது. வெட்டுவது பெரும்பாலும் மணற்கல். மணற்கல்லின் முக்கால் பங்கோ அதற்கு மேலோ குவார்ட்ஸாக இருக்கும். பளிங்கில் சிலிகா மிகக் குறைவு. எனவே பக்கத்துப் பக்கத்துப் பட்டறைகளில் ஒரே கருவியால் ஒரே பூவைச் செதுக்கும் இருவரில், மணற்கல்லை வெட்டுபவருக்கு ஆபத்து பலமடங்கு. ராஜஸ்தான் அரசு 2019இல் இந்நோய்க்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். முதலாளியைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் இது பல மாநிலங்களைவிட ஒரு படி மேல். தூசியைக் குறைப்பதைவிட இறப்புக்குத் தொகை நிர்ணயிப்பது எளிது என்பதையும் இது காட்டுகிறது.

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களிலும் இப்போது கேட்பது உளியோசை மட்டும் அல்ல, வெட்டுச் சக்கரத்தின் ஓசையும்தான். அங்கே தூசியின் ஆபத்து கல்லின் வகையைப் பொறுத்தது. சில கருங்கற்களில் குவார்ட்ஸ் குறைவு. நிலவியல் வரையறைப்படி கிரானைட் எனப்படும் பாறையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு குவார்ட்ஸ். எந்தக் கல்லில் எவ்வளவு என்பதை அறிய ஆய்வகச் சோதனை வேண்டும். நீரைச் சொட்டவிட்டு வெட்டினால் தூசி பெருமளவு குறையும். அதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை.

காம்பத்தின் அகேட் மணிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் குறியீடு ஊரையும் கல்லையும் செய்முறையையும் உறுதிசெய்யும். பட்டறைக் காற்றை அளப்பது அதன் வேலை இல்லை. மணிமாலையோடு வரும் அட்டையில் கைவினை என்றிருக்கும், பல நூற்றாண்டு மரபு என்றிருக்கும். அவை உண்மைதான். மணி வாங்குபவருக்கும் அணிபவருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. மெருகேற்றிய கல்லிலிருந்து தூசி வராது. கைவினைச் சுற்றுலா போகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவது செதுக்கும் முற்றமும் வில்துளையும்தான். அவை படமெடுக்க ஏற்றவை. அவற்றில் தூசியும் குறைவு. சாணை வீட்டுக்குள் போக நேர்ந்தால் கேட்க வேண்டியது ஒன்றே: தூசியை உறிஞ்சும் விசிறி எங்கே இருக்கிறது, அது இப்போது ஓடுகிறதா?

ஆஸ்திரேலியாவில் சமையலறை மேடைகளுக்கான செயற்கைக் கல்லை வெட்டியவர்களுக்குச் சிலிகோசிஸ் வந்தது. அந்தக் கல்லில் சிலிகா 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். நோயாளிகளில் பலர் இளைஞர்கள். அந்நாடு 2023 டிசம்பரில் முடிவெடுத்து, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடைசெய்தது. வெட்டும் முறையைக் கட்டுப்படுத்திப் பார்த்தும் போதவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம்.

அகேட்டை யாரும் தடைசெய்யச் சொல்லவில்லை. நாலாயிரம் ஆண்டுத் தொழிலை ஒழிப்பது இதற்கு மருந்தும் அல்ல. மோட்டாரைக் கொண்டுவந்தவர்கள் உறிஞ்சு விசிறியைக் கொண்டுவரவில்லை என்பதே காம்பத்தில் நடந்தது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 1995இல் ஒரு திட்டத்தை அறிவித்தன: 2030க்குள் உலகிலிருந்து சிலிகோசிஸை ஒழிப்பது. குறைந்த தூசியில் நோய் வெளித்தெரியப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அந்தக் கணக்குப்படி, 2030இல் அவ்வகை நோயாளியாகப் பதிவாகப்போகிறவர் 2020க்கு முன்பே சாணைச் சக்கரத்தின் முன் உட்கார்ந்துவிட்டார்.